தேரியில் ஐந்தாவது இடம்

வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை காலை அது. பெரியதாழைக்கு மேற்கே, தேரி என்கிற செம்மணல் மேட்டை ஒட்டிய ஊரில் இருக்கும் என் மாட்டாஸ்பத்திரிக்கு ஆட்டுக்கார அண்ணாச்சி ஒருவர் ஓலைப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேலே துண்டு போட்டு மூடியிருந்தது. கோழியாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த ஊரில் கோழிக்குச் சீக்கு வந்தால் கடைசி மூச்சில்தான் என்னிடம் வரும். அதற்கு முன்னால் மஞ்சள், சின்ன வெங்காயம், வேப்பிலை எல்லாம் ஒரு சுற்று முடிந்திருக்கும். "வெங்காயம் குடுத்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே துண்டை விலக்கினேன். உள்ளே கருடன் கிடந்தது.

நான் சாயர்புரத்துக்காரி. கோயில் என்றால் எங்களுக்கு மணிக்கூண்டு வைத்த வேதக் கோயில். கருடனைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. மீன் ஏலம் போடுகிற இடத்துக்கு மேலே சுற்றுகிற பறவை என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசித்ததும் இல்லை. ஆனால் அன்று அதைப் பெட்டியிலிருந்து இரண்டு கையாலும் எடுத்தபோது என்னால் நம்ப முடியவில்லை. அவ்வளவு பெரிதாகத் தெரிகிற பறவைக்கு எடையே இல்லை. ஒரு கிலோ உருளைக்கிழங்கில் பாதிகூட வராது. தலையும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் தேரி மண்ணின் அதே சிவப்பு. அந்த வெள்ளைக்குள் ஒவ்வோர் இறகிலும் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற யாருக்கும் அந்தக் கோடு தெரியப்போவதில்லை. யாரும் பார்க்காத இடத்தில் இத்தனை வேலையா என்று தோன்றியது.

கால்களைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இரண்டும் இறுக்கி மூடிக் கிடந்தன; நகங்கள் அதன் உள்ளங்காலையே குத்திக்கொண்டிருந்தன. வாயிலிருந்து கோழை நூலாக வடிந்தது. உடம்பு விட்டுவிட்டு உதறியது.

"என்ன மருந்து?" என்று கேட்டேன்.

"நீங்கதான் மருந்து குடுக்கணும் டாக்டரம்மா."

"நான் குடுக்கிற மருந்து இல்ல அண்ணாச்சி. நீங்க வச்ச மருந்து."

எங்கள் பக்கம் பிழைக்கவைப்பதும் மருந்துதான், சாகடிப்பதும் மருந்துதான். அவர் தரையைப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தால் குரல் தெருமுனை வரைக்கும் போகும், அன்றும் போனது. அப்புறம்தான் வாயைத் திறந்தார். வைத்தது குருணை. வாழைக்குப் போடுகிற பூச்சி மருந்து; ஊதா நிறத்தில் மணல் மணலாக இருக்கும். ஒரே வாரத்தில் நரி நாலு ஆட்டுக்குட்டியைத் தூக்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகம். அவர் கமிட்டியில் இருக்கிறார். பந்தலுக்கும் பந்திக்கும் அலைகிற ஆட்கள் யாரும் பட்டியில் காவல் இருக்க முடியாது. அதனால் நரி தின்று மிச்சம் வைத்த குட்டியை ஐந்து துண்டாக அறுத்து, உள்ளே குருணையை அடைத்து, வியாழக்கிழமை சாயங்காலம் தேரிக்குள் ஐந்து இடத்தில் வைத்திருக்கிறார்.

"கருடன் திங்கும்னு நெனைக்கலையா?"

"நெனைச்சேனே! அதுக்காவத்தானே பொழுதடைஞ்ச பெறவு வச்சேன். நரி ராத்திரி வாரது, கருடன் பகல்ல வாரது. விடியுமுன்ன எல்லாத்தையும் எடுத்துருவோம்னுதான் ஒவ்வொரு எடத்துலயும் பனைமட்டை நட்டு அடையாளம் வச்சிருந்தேன்."

கருடனுக்கு ஆகாது என்று நேரம் பார்த்து விஷம் வைத்த மனிதரை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை. அவர் கணக்கில் எல்லாம் சரி. தேரியை மட்டும் மறந்துவிட்டார். வைகாசிக் காற்று தொடங்கிவிட்டால் அங்கே மண் ஓரிடத்தில் இருக்காது. நேற்று மேடாக இருந்தது இன்று பள்ளம். கழுத்துவரை புதைந்த பனையை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். ராத்திரி அடித்த காற்றில் மட்டைகளில் இரண்டு போன இடம் தெரியவில்லை. மூன்று துண்டுதான் அகப்பட்டது. மிச்ச இரண்டும் மண்ணுக்குள் புதைந்துவிட்டது, இனி ஆபத்தில்லை என்று வீட்டுக்கு வந்துவிட்டார். புதைக்கிற காற்றுக்குத் தோண்டவும் தெரியும் என்று அவருக்குத் தோன்றவில்லை. காலை எட்டு மணிக்கு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனவர் கண்ணில் நாலாவது துண்டும், அதன் பக்கத்தில் சிறகை விரித்துக் கிடந்த கருடனும் பட்டிருக்கின்றன.

"காலையில நரி முகத்துல முழிச்சா யோகம்னு சொல்லுத ஊருதானே இது?" என்று கத்தினேன்.

"படத்துல முழிச்சா யோகம் டாக்டரம்மா. பட்டிக்குள்ள முழிச்சா?" என்றார்.

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஐந்தாவது துண்டு இன்னும் தேரியில் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்த விஷத்துக்கு மாற்று ஊசி எங்களிடம் உண்டு. மாட்டுக்குப் போட்டிருக்கிறேன், ஆட்டுக்குப் போட்டிருக்கிறேன். கருடனுக்கு எவ்வளவு என்று எந்த வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள்? சென்னையில் பறவை வைத்தியம் பார்க்கிற தோழி ஒருத்திக்கு போன் போட்டுக் கேட்டேன். மாட்டுக்குக் குப்பி குப்பியாகப் போடுகிற மருந்தில் சில சொட்டுதான் சொன்னாள். அந்தச் சில சொட்டை ஊசியில் இழுத்து, அளவை இரண்டு தடவை சரிபார்த்தேன். மார்புத் தசையில் போட்டுவிட்டு விரலை அங்கேயே வைத்திருந்தேன். இதயம் அடித்த வேகத்துக்கு அதைத் துடிப்பு என்று சொல்ல முடியாது, ஒரே அதிர்வு. இந்த அதிர்வை வைத்துக்கொண்டுதான் இது கடலுக்கு மேலே நாளெல்லாம் சிறகடிக்காமல் நிற்கிறதா என்று நினைத்தேன்.

அண்ணாச்சி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "ஞாயித்துக்கெழமைக்குள்ள பறந்துருமா?" என்று கேட்டார்.

ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். கும்பாபிஷேகத்தன்று கலசத்துக்கு மேலே கருடன் வந்து வட்டமிட வேண்டும். வந்த பிறகுதான் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த ஊருக்குக் கருடன் இரண்டு. ஊர்க்கிணற்றுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றைப் பனையில்தான் உட்காரும். பத்திரிகை அடித்த நாளிலிருந்து அந்த ஜோடியை நம்பித்தான் எல்லாரும் இருந்தார்கள்.

"கருடனுக்கு விஷத்த வச்சிட்டு, கும்பாபிஷேகத்துக்கு வேற வரணுமா அது? நல்லாருக்கு அண்ணாச்சி!" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. எனக்குச் சங்கடமாகிவிட்டது, ஆனாலும் விடவில்லை. "இன்னொரு கருடன் வெளியே பறந்துட்டு இருக்கு. அஞ்சாவதத் தேடி எடுங்க. கெடைக்கலன்னா நாளைக்கு ஊரக் கூட்டிச் சொல்லுங்க. பத்துப் பேர் தேடுனா ஆப்பிடும்."

"சொன்னா என்னைக் கோயிலுக்குள்ள விடமாட்டாவ டாக்டரம்மா."

வனத்துறைக்கு அன்றே தகவல் சொன்னேன். ஆள் வந்து பறவையைப் பார்த்தார், எழுதிக்கொண்டார், தேறும்வரை நீங்களே வைத்திருங்கள் என்றார். யார் வைத்தது என்று கேட்டார். தெரியவில்லை என்று சொன்னேன். அத்தனை வருட உத்தியோகத்தில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான். அவரைக் காட்டிக்கொடுத்தால் கும்பாபிஷேகம் நின்றுபோகும், ஊரெல்லாம் என்னை வையும் என்ற பயமும் அதில் இருந்தது. இரக்கம் மட்டும் என்று சொன்னால் அது இரண்டாவது பொய்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே எனக்கு குவார்ட்டர்ஸ். என் வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை. சனிக்கிழமை மதியம் பஸ் ஏறிவிடுவேன். அந்த வாரம் போகவில்லை. "கருடனுக்கு உடம்பு சரியில்ல" என்று போனில் சொன்னேன். "அப்ப பெருமாள் நடந்துதான் போகணும்" என்றார் அவர்.

அட்டைப் பெட்டியில் பழைய சேலையை விரித்து அதைக் கிடத்தியிருந்தேன். வெள்ளி முழுக்கக் கால் அப்படியே மூடிக் கிடந்தது. சனிக்கிழமை மதியம் குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்கக் குனிந்தபோது வலது காலின் பின்விரல் மட்டும் மெதுவாகத் திறந்தது. பிறகு நடுவிரல். மூடிய கை அவிழ்கிற மாதிரி ஒவ்வொன்றாக நாலு விரலும் விரிந்து சேலையைப் பிடித்தன. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். எத்தனையோ கன்றுக்குட்டிகள் என் கையில் மூச்சுவிட ஆரம்பித்திருக்கின்றன. அதற்கெல்லாம் அழுதவள் இல்லை. சாயங்காலம் அது எழுந்து நின்றது. நின்று, தலையைத் திருப்பி, என்னைப் பார்த்தது. நன்றியெல்லாம் அந்தப் பார்வையில் கிடையாது. இவள் யார், வழியை ஏன் மறைக்கிறாள் என்கிற பார்வை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியும்போது ஒரு சாளை மீனைக் கிழித்துத் தின்றது. செவ்வாய்க்கிழமை வனத்துறையினர் முன்னால் அதைத் திறந்துவிட்டேன். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை வரை ஐந்தாவது துண்டு அகப்படவில்லை. அண்ணாச்சியும் அவர் மனைவியும் இரண்டு நாளாகக் கம்பை வைத்து மண்ணைக் குத்திக்கொண்டு திரிந்தார்கள். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டவர்களிடம் தாலிக்கொடியில் கோத்த காசு விழுந்துவிட்டது என்று சொன்னார்களாம். நான் கொடுத்த சனிக்கிழமைக் கெடு முடிந்துவிட்டது. "கும்பாபிஷேகம் மட்டும் முடியட்டும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். முடிந்த நிமிடமே அவர் சட்டையைப் பிடிப்பது என்று நானும் கோயிலுக்குப் போனேன்.

பட்டுச் சேலையும் புது வேட்டியுமாக ஊரே வெயிலில் நின்றுகொண்டிருந்தது. மேலே கலசத்தைச் சுற்றிக் குடங்களோடு அர்ச்சகர்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. எல்லார் தலையும் அண்ணாந்திருந்தது. திடீரென்று ஒருவர், "அந்தா கருடன்!" என்று கத்தினார். குலவைச் சத்தம் எழுந்தது, கைகள் கன்னத்துக்குப் போயின. பார்த்தால், மேலிருந்து தீர்த்தம் தெளிக்க வாடகைக்குக் கொண்டுவந்த ட்ரோன். "ஏலே, அதக் கீழ எறக்குலே!" என்று கமிட்டிக்காரர்கள் கத்தினார்கள். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அப்புறம் அது வந்தது. கடல் பக்கமிருந்து, தாழ்வாக, ஒற்றையாக. சிறகை அசைக்கவே இல்லை. கோபுரத்துக்கு மேலே வந்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்து வட்டம் போட்டது. வெயில் இறகுக்குள் புகுந்து சிவப்பு எரிந்தது. இரண்டாவது வட்டம். கூட்டம் அழுதது. என் பக்கத்தில் நின்றவர்கள் யார் என்ன என்று தெரியாமல் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். குடம் குடமாகத் தண்ணீர் கலசத்தில் விழுந்தது. சாயர்புரத்துக்காரி நானும் கையைக் கூப்பியிருந்தேன். எப்போது கூப்பினேன் என்று தெரியாது.

மூன்றாவது வட்டம் அது போடவில்லை. தலையைக் கீழே சாய்த்து எதையோ பார்த்தது. பிறகு மேற்கே திரும்பி, தேரியை நோக்கி இறங்கத் தொடங்கியது. வெறுமனே பறக்கிற கருடன் அப்படி இறங்காது. இரையைக் கண்ட கருடன்தான் இறங்கும். அங்கே என்ன கிடக்கிறது என்று தெரிந்தவர்கள் அத்தனை பேரில் மூன்றே பேர். நான் அண்ணாச்சியைத் தேடினேன். அவர் அதற்குள் மேடையில் ஏறி மைக்கைப் பிடித்திருந்தவரிடமிருந்து அதைப் பிடுங்கியிருந்தார்.

"எல்லாரும் கேளுங்க. நாந்தான் தேரியில நரிக்குக் குருணை வச்சேன். ஒரு கருடன் அதத் தின்னுட்டு மாட்டாஸ்பத்திரியில கெடக்கு. இன்னும் ஒரு எடத்துல கெடக்கு, எங்கனன்னு எனக்குத் தெரியல. இப்ப வந்த கருடன் அங்கனதான் எறங்குது. என்னைப் பெறவு அடிங்க. இப்ப ஓடியாங்க."

ஒரு நொடி நாதஸ்வரமும் நின்றுவிட்டது. யாரோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அப்புறம் ஓடினார்கள்.

அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியாது. நூறு நூற்றைம்பது பேர், பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுடுகிற சிவப்பு மணலில் கணுக்கால் புதையப் புதைய ஓடுகிறார்கள். மேடு ஏறினால் கருடன் தெரிந்தது. முள் அடர்ந்த உடைமரங்களுக்கு முன்னால் வெறும் மணலில் ஒரு நரி விழுந்து கிடந்தது. அதற்கு மூன்றடி தள்ளிக் கருடன் உட்கார்ந்து, கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கால் மணி நேரத்துக்கு முன்னால் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே ஜனம், "ஏய்! போ! போ!" என்று அலறிக்கொண்டு துண்டை வீசியது, செருப்பைக் கழற்றி எறிந்தது. கருடன் ஒரு தத்துத் தத்தி எழும்பியது. எங்கள் தலைக்கு மேலேயே போனது. யாரும் கும்பிடவில்லை. இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு, அது கடல் பக்கம் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதைவிடப் பெரிய கும்பிடு ஒன்றை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை.

நரியின் உடம்பில் சூடு இருந்தது. பெண் நரி. மடி பால் கட்டியிருந்தது. நான் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் குனிந்து பார்த்த பெண்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. 

அன்று விடியலுக்கு முன்பே காற்று அடங்கியிருந்தது; இன்னும் கிளம்பவில்லை. அதனால் விடியற்காலையில் பதிந்த தடம் அப்படியே இருந்தது. அண்ணாச்சியின் மனைவிதான் அதைப் பார்த்துக்கொண்டே நரி வந்த வழியைப் பிடித்து நடந்தார். நாங்கள் அவர் பின்னால் போனோம். ஒரு பள்ளத்தில் பனைமட்டை பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஐந்தாவது இடம் அதுதான். துண்டு இல்லை. அங்கிருந்து நரியின் தடம் நேராக உடைமரப் புதரை நோக்கிப் போனது. புதருக்குப் பத்தடி முன்னால் நின்றிருக்கிறது, படுத்திருக்கிறது, வாந்தி எடுத்திருக்கிறது. அங்கிருந்து தடம் புதருக்குப் போகவில்லை. திரும்பி, தள்ளாடித் தள்ளாடி, வெட்டவெளியைப் பார்த்துப் போயிருக்கிறது.

"வெசத்தோட குட்டிகிட்ட போகல, பாத்தீங்களா டாக்டரம்மா," என்றார் அண்ணாச்சியின் மனைவி.

விஷம் ஏறிய மிருகம் தண்ணீரைத் தேடும்; கடல் இருக்கிற திசை அது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நரி என்ன நினைத்தது என்று படித்துச் சொல்ல எங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஆனால் அந்தத் தடத்தைத் தாண்டிக் கால் வைக்க என்னால் முடியவில்லை, சுற்றிப் போனேன். மற்றவர்களும் சுற்றித்தான் போனார்கள்.

செத்த நரியை அப்படியே விட்டால் அடுத்ததாக எது தின்றாலும் அதுவும் சாகும். ஆழமாகக் குழி தோண்ட வேண்டும், வாந்தி பட்ட மண்ணையும் அள்ளிப் போட வேண்டும் என்று சொன்னேன். மண்வெட்டி வந்தது. அண்ணாச்சி யாரையும் தொடவிடவில்லை. சரிகை வேட்டியோடு தனியாகத் தோண்டினார். தேரியில் குழி தோண்டுவது லேசு இல்லை. அள்ளிப்போட்ட மண்ணில் பாதி திரும்பவும் உள்ளே சரியும். சரியச் சரியத் தோண்டினார். அவரை அடிக்க யாருக்கும் தோன்றவில்லை. பிறகு வழக்கு வந்தது, அலைந்தார். நானும் என் பொய்க்கு விளக்கம் எழுதிக் கொடுத்தேன்.

குழியை மூடும்போதுதான் புதருக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. நாய்க்குட்டி சிணுங்குகிற மாதிரி, ஆனால் அதைவிட மெலிசாக. இரண்டு மூன்று பேர் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். "யாரும் கிட்ட போகக்கூடாது!" என்று நான் கத்தினேன். "நரி சோடியாத்தான் குட்டி வளர்க்கும். ஆண் நரி இருந்தா அதுவே எர கொண்டாந்து குடுக்கும். மனுச வாடை பட்டா வராது. எல்லாரும் போங்க."

கூட்டம் மெதுவாகத் திரும்பியது. குழியருகே இருந்த அண்ணாச்சியைத் தவிர, அவர் மனைவி மட்டும் நின்றார்.

"எரைக்கு அது எங்கன போகும் டாக்டரம்மா?"

நான் திரும்பிப் பார்த்தேன். மேட்டுக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில், அவர்களுடைய ஆட்டுப்பட்டி தெரிந்தது. அந்தப் பக்கத்தில் வேறு பட்டி கிடையாது.

அண்ணாச்சி மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டே அதைப் பார்த்தார். "வேற எங்கன போகும்? நம்ம பட்டிக்குத்தான் வரும்," என்றார்.

"நம்ம ஆட்டுக்குட்டி போயிருமே," என்றார் மனைவி.

"போகட்டும் ஏளா," என்றார்.